குதிகாலில் போகாத தார்

ஆறு மில்லிமீட்டர். பென்சிலின் பின்முனையில் ஒட்டியிருக்கும் ரப்பரின் அகலம். உடம்பில் ஒரு கறுப்புப் புள்ளி அதைத் தாண்டினால் டாக்டரிடம் காட்டுங்கள். புதிதாக வந்து வளர்கிறதென்றால் அவ்வளவு பெரிதாகும்வரைகூடக் காத்திருக்காதீர்கள். நெட்டை காட்டவில்லை. சோம்பேறித்தனம் இல்லை. அதைத் தார் என்று நினைத்தான்.

நெட்டை சாலைக்குத் தார் போடுகிறவன். லாரி கொட்டும் சூடான கலவையை நீளமான பல்லுக் கம்பியால் இழுத்துச் சமன்செய்வது அவன் வேலை. கோபம் வராது, வாய் மட்டும் ஓயாது. தொப்பி, முழுக்கைச் சட்டை, கழுத்தில் ஈரத்துணி இல்லாமல் வெயிலில் இறங்கமாட்டான். "மாப்பிள்ளைக்கு நிறம் போயிடுமாம்" என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள். உள்ளங்காலைப் பற்றி அவன் நினைத்ததே இல்லை. வெயிலே படாத இடம்.

வேலை முடிந்ததும் கொட்டகையில் மண்ணெண்ணெய்த் துணி ஒன்று கைமாறும். ஆளாளுக்குக் கை காலைத் தேய்த்துத் தாரைப் போக்குவார்கள். நெட்டையின் இடது குதிகாலில் ஒரு கறை மட்டும் போகவில்லை. கல்லில் தேய்த்தான். பிளேடால் சுரண்டினான். ரத்தம் வந்தது, கறை அப்படியே இருந்தது.

"உன் காலுக்கும் ரோடு போட்டாச்சுடா," என்றார் மேஸ்திரி. "ரோலர் ஓட்டுறதுதான் பாக்கி."

மழைக்காலம் வந்தது. தார் வேலை நின்றது. நெட்டை ஒரு கிடங்கில் மூட்டை தூக்கப் போனான். நகக்கண்ணில் இருந்த தார்கூடப் போய்க் கை வெளுத்துவிட்டது. ஒருநாள் காலையில் குப்புறப் படுத்திருந்தவனின் காலை அவன் மனைவி பிடித்துத் திருப்பினாள்.

"ஏங்க, மழை ஆரம்பிச்சதுலேருந்து நீங்க தாரைத் தொடவே இல்லையே?"

"ஆமா, அதுக்கென்ன?"

"அப்போ இது எப்படி இன்னும் இருக்கு?"

"பழைய தார். உன்னை மாதிரி, ஒட்டிக்கிட்டா விடாது."

அவள் சிரிக்கவில்லை. "பெருசாயிருக்குங்க. தார் வளருமா?"

அவன் எழுந்து உட்கார்ந்து காலை மடக்கிப் பார்த்தான்.

தோல் டாக்டரம்மா ஸ்பிரிட்டால் துடைத்தார். விளக்கு வைத்த பூதக்கண்ணாடியால் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"இது தார் இல்லைங்க. புற்றுநோயோன்னு சந்தேகமா இருக்கு. வெட்டி எடுத்துச் சோதிச்சாதான் உறுதியா தெரியும்."

"தொப்பியெல்லாம் போட்டுக்கிட்டுத்தானேம்மா வேலை செஞ்சேன்?"

"அதை விட்டுடாதீங்க, அது வேற வகைத் தோல் புற்றுக்குக் காப்பு. இது வெயிலைப் பாத்து வர்றதில்ல. நம்மள மாதிரி கறுத்த தோலுக்கு உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியிலதான் இது அதிகமா வருது. அங்க யாரும் பாக்கறதில்ல."

"பிளேடால சுரண்டினாரே, அதனாலயா?" என்றாள் கூட வந்திருந்த மனைவி.

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. ஆனா சுரண்டிச் சுரண்டியே நாள் போயிடுச்சு."

"மருந்து இருக்கா?"

"உடம்போட எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடற மருந்து வந்திருக்கு. அவங்கவங்க கட்டியை வச்சே தடுப்பூசி செஞ்சு பரிசோதனையும் நடக்குது. கால்ல வர்ற வகைக்கு அதெல்லாம் எவ்வளவு கேக்கும்னு இன்னும் சரியா தெரியல. இப்போ முக்கியம் ஆழம். ஒரு மில்லிமீட்டருக்குள்ள இருந்தா, வெட்டி எடுத்தாலே பெரும்பாலும் சரியாயிடும். ஆழம் கூடக்கூட, பரவியிருக்குமோங்கற பயமும் கூடும்."

வெட்டி எடுத்துக் கட்டுப் போட்டார்கள். எடுத்தாயிற்று என்று தெரிந்தும், காலை ஊன்றும்போதெல்லாம் ஏதோ உள்ளே இறங்குவதாகவே அவனுக்குத் தோன்றியது. குளிக்கும்போது தொடையிடுக்கை அழுத்திப் பார்ப்பான், அங்கே பரவி நெறி கட்டியிருக்கிறதா என்று. பேச்சு நின்றுவிட்டது. அதுதான் அவன் மனைவியை அதிகமாக மிரட்டியது.

நொண்டிக்கொண்டே கொட்டகைக்குப் போய் விஷயத்தைச் சொன்னான். மேஸ்திரி ஏதோ கிண்டலாக ஆரம்பித்து விழுங்கிக்கொண்டார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றித் தன் உள்ளங்காலைத் திருப்பினார். அத்தனை பேரும் கழற்றினார்கள்.

"டேய், எனக்குக் குனிய முடியல. நீ பாத்துச் சொல்லுடா," என்று மேஸ்திரி பக்கத்திலிருந்தவனிடம் சொன்னார்.

"ஓரத்துல ஒண்ணு இருக்குண்ணே. மண்ணெண்ணெய்த் துணியை எடுக்கவா?"

"தேய்க்காத!" நெட்டை கத்தினான். "போய்க் காட்டு!"

முடிவு வந்த அன்று டாக்டரம்மா இருவரையும் உட்காரச் சொன்னார். புற்றுநோய்தான் என்றார். ஆழம் எவ்வளவு என்று கேட்டது அவன் மனைவி.

மூன்று புள்ளி இரண்டு மில்லிமீட்டர்.