ஆறிடுச்சா?

இது கட்டிவிட்ட கதை இல்லை. கதை கட்டத் தெரிந்த ஆளும் இல்லை என் அக்கா. பேய்ப் படம் போட்டால் இடைவேளைக்கு முன்பே குறட்டை விட்டுவிடுவாள். அவளுக்கு நடந்ததை அவள் சொன்னபடியே சொல்கிறேன். நான் எதையும் கூட்டவில்லை. சொல்லும்போது அவள் நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் குடித்ததை மட்டும் விட்டுவிட்டேன்.

அக்காவும் மாமாவும் சேர்ந்து ஒரு ஒர்க்‌ஷாப் நடத்துகிறார்கள். இரண்டு கார் நிற்கிற இடம். மேலே தகரக் கூரை, பின்னால் ஒரு குழாய். வயரிங், பேட்டரி எல்லாம் மாமாவின் பொறுப்பு. இன்ஜின் சூடு சம்பந்தப்பட்டது எதுவானாலும் அக்காவுடையது. ரேடியேட்டர் அடைப்பா, தண்ணீர் ஒழுகலா, ஃபேன் சுற்றவில்லையா, பக்கத்தில் போய் நின்றாலே சொல்லிவிடுவாள். "சூடான வண்டியை ஆத்தத் தெரியும், சூடான புருஷனை ஆத்தத் தெரியாது" என்று மாமா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். தினமும் ஒரு சண்டை போடுவார்கள். சாப்பாட்டுக்குள் அது முடிந்துவிடும்.

அப்படிப்பட்ட ஒரு நாள் மதியம், டீச்சர் ஒருவர் சாம்பல் நிறக் கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தார். பழைய வண்டி. அவர் வாங்கியே சில மாதம்தான் ஆகியிருந்தது.

"தண்ணி குறைஞ்சுகிட்டே இருக்குங்க. எங்க போகுதுன்னே தெரியல. ஏற்கெனவே ரெண்டு மெக்கானிக் பாத்தாச்சு."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒருத்தர் எங்கேயும் ஒழுகலைன்னார். இன்னொருத்தர்..." டீச்சர் கொஞ்சம் தயங்கினார். "முதல்ல வண்டியை எடுத்துட்டுப் போங்கன்னார். ஏன்னு சொல்லல."

அக்காவுக்கு இந்த மாதிரி வண்டி என்றால் அல்வா மாதிரி. ரேடியேட்டர் வாயில் பம்பைப் பொருத்திக் காற்றடித்துப் பார்த்தாள். பம்பிலிருந்த அழுத்த முள் இறங்கவில்லை. ஒழுகல் இல்லை. சூடானால் திறந்து தண்ணீரை விடுகிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டாள். ஒழுங்காகத் திறந்தது. ஃபேன் சுற்றியது. ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை. எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் அவளுக்குச் சரியாகப் படவில்லை.

எல்லாவற்றையும் மாட்டி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் கொடுக்கிற கூலண்ட் டேங்க்கைக் கோடு வரை நிரப்பி, மூடிகளை இறுக்கி, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்தாள். இனி ஆற வேண்டும். சூடு ஆறாமல் ரேடியேட்டர் மூடியில் கை வைக்கக் கூடாது. உள்ளே கொதிக்கிற தண்ணீர் அழுத்தத்தில் அடைபட்டுக் கிடக்கும். மூடி விலகினால் நேராக முகத்தில் அடிக்கும். இந்தத் தொழிலில் முதல் பாடமே அதுதான்.

அந்த நேரத்தில் கீழே தண்ணீர் போகிற ரப்பர் ஹோஸைப் பார்க்கலாம் என்று வண்டிக்கடியில் நுழைந்தாள்.

"ஆறிடுச்சா?"

பெண் குரல். பானெட் பக்கம். களைத்துப் போன குரல்.

"இல்லைங்க. கொஞ்சம் பொறுங்க" என்றாள் அக்கா.

ஹோஸின் கிளிப்பை இறுக்கினாள்.

"ஆறிடுச்சா?"

"இன்னும் ஆறல டீச்சர். தொட்டுடாதீங்க."

அக்கா வெளியே வந்தாள். வண்டிக்கு முன்னால் யாரும் இல்லை. டீச்சர் தெருவுக்கு அந்தப் பக்கம், நிழலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்.

காதில் ஏதோ விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டாள். ஆனால் கூலண்ட் டேங்க் காலியாக இருந்தது. தரை காய்ந்து கிடந்தது. மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது. ஆறிய ஹோஸ் கையில் அழுந்தும். இது கல் மாதிரி இருந்தது. உள்ளே ஏதோ திமிறிக்கொண்டு...

அவள் மூடியைத் திறக்கவில்லை. வண்டியை விட்டுவிட்டுப் போகும்படி டீச்சரிடம் சொன்னாள். மாமாவிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"வெயில்ல உனக்கு மூளை கொதிச்சிருச்சு. முதல்ல உனக்குத் தண்ணி ஊத்தணும்."

மறுநாள் அந்த வண்டியை யாரும் ஸ்டார்ட் செய்யவில்லை. செய்யவும் முடியாது. சார்ஜ் போடுவதற்காக மாமா காலையிலேயே பேட்டரியைக் கழற்றி மேஜை மேல் வைத்திருந்தார்.

மணி நாலேகால். நல்ல வெளிச்சம். தெருவில் ஆள் நடமாட்டம். அக்கா பின்னால் குழாயடியில் கை கழுவிவிட்டு உள்ளே வந்தாள். சாம்பல் வண்டியின் பானெட் திறந்திருந்தது. மாமா அதற்குள் குனிந்து நின்றார்.

அக்கா டிரைவர் கதவைத் தாண்டும்போது தற்செயலாக உள்ளே பார்த்தாள்.

டெம்பரேச்சர் முள்... சிவப்பில் நின்றது.

பேட்டரி மேஜை மேல் இருந்தது.

மாமாவின் கை மூடி மேல் இருந்தது. வெறுங்கை. திருகிக்கொண்டிருந்தது.

"ஏங்க! கையை எடுங்க!"

"இரு... திறக்கிறேன்ல."

அக்கா பாய்ந்தாள். சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். இருவரும் தரையில் விழுந்தார்கள்.

டங்ங்...

மூடி தகரக் கூரையில் போய் மோதியது.

ஸ்ஸ்ஸ்ஸ்...

வெள்ளையாக ஆவி. கொதிக்கிற தண்ணீர். அக்காவின் முழங்கையில் கொஞ்சம் பட்டது. தோல் அப்போதே வழன்றது.

சத்தம் ஓய்ந்தது.

ஆவிக்குள்ளிருந்து... மெதுவாக...

"ஆறிடுச்சா?"

இந்தத் தடவை அது மாமாவின் காதிலும் விழுந்தது.

இருவரும் எழுந்து தெருவுக்கு ஓடினார்கள்.

அக்காவின் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் மாமா பேசினார்.

"ஏன் அப்படிச் சொன்ன?"

"எப்படி?"

"ஆறிடுச்சு, திறங்கன்னு. என் காதுகிட்ட நின்னு சொன்னியே."

"நான் குழாயடியில கை கழுவிட்டிருந்தேன்."

"உன் குரல்தான்."

"நானேதான உங்களை இழுத்துப் போட்டேன்? நானே ஏன் திறக்கச் சொல்லணும்?"

மாமா தலையாட்டினார். ஆனால் படுக்கும்போது மறுபடி கேட்டார். "சத்தியமா நீ சொல்லல?" மறுநாள் காலையில் இன்னொரு தரம் கேட்டார். அந்த வாரம் அவர்களுக்குள் சண்டையே வரவில்லை. அக்காவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

டீச்சர் ஆள் அனுப்பி வண்டியை இழுத்துக்கொண்டு போகச் செய்தார். அதற்கு முன், வண்டியை யாரிடம் வாங்கினார் என்று டீச்சரிடம் கேட்டு, விற்றவரின் போன் நம்பரை அக்கா வாங்கிக்கொண்டாள். இரண்டு நாள் யோசித்துவிட்டு, மாமா இல்லாத நேரமாகப் பார்த்துப் பேசினாள்.

எடுத்தவர் ஓர் ஆண். அக்கா சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை. பிறகு சொன்னார்.

"அன்னைக்கு என் மனைவிதான் வண்டி ஓட்டினா. எனக்குக் காய்ச்சல். மாத்திரையைப் போட்டுட்டுப் பின் சீட்டுல படுத்திருந்தேன். வழியில வண்டி சூடாகி நின்னுடுச்சு. சுத்தி ஆள் நடமாட்டமே இல்லாத ரோடு. அவ அலறினப்பதாங்க நான் எழுந்தேன். முகம், கழுத்து எல்லாம்... ஆஸ்பத்திரியில கொஞ்ச நாள் இருந்தா."

அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஆறிடுச்சான்னு என்கிட்ட கேட்டுக்கிட்டே நின்னாளாம். முதல்ல இல்லை, இல்லைன்னு சொன்னேனாம். அப்புறம், ஆறிடுச்சு, திறன்னு சொன்னேனாம்."

"நீங்க சொன்னீங்களா?"

"நான் கண்ணே முழிக்கலைங்க. எத்தனையோ தடவை சொன்னேன். அவ நம்பல. உங்க குரல் எனக்குத் தெரியாதான்னு கேட்டா. அதுதான் அவ என்கிட்ட கடைசியாப் பேசினது. அப்புறம் சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டா. உயிர் போற வரைக்கும் என் முகத்தைப் பாக்கல."



"ஒண்ணு கேக்கலாமா?" என்றார். "உங்க வீட்டுக்காரர்... உங்களை நம்புறாரா?"