ரிலீவர் வரும்வரை

ரிலீவர் என்ற சொல்லுக்கு அகராதியில் ‘துயர் தீர்ப்பவர்’ என்று போட்டிருந்ததைப் படித்துச் சிரித்தேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் அதற்கு ஒரே பொருள்தான்: அடுத்த ஷிப்டுக்கு வந்து நம் இடத்தில் உட்காருகிறவர். அவர் வராமல் பாய்லரை விட்டு நான் எழுந்திருக்கக் கூடாது. வரவே இல்லையென்றால் அந்த ஷிப்டும் எனக்குத்தான். சாமி கும்பிடாதவர்கள்கூட ஷிப்டு மாறும் இரண்டு மணிக்குக் கேட்டைப் பார்த்து உருகுவதைக் கண்டிருக்கிறேன்.

இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் என் அப்பாவைத் தனியே விட முடியாது. பகலில் மனைவிதான் பார்த்துக்கொள்கிறாள். அன்று பொன்னேரியில் அவளுடைய தங்கை மகளுக்கு வளைகாப்பு. மூன்று மணிக்குள் நான் போனால்தான் அவள் கிளம்ப முடியும். வந்துவிடுவேன் என்று வீரமாகச் சொல்லியிருந்தேன்.

இரண்டரைக்குப் போன் வந்தது.

“இன்னாங்க, கெளம்பிட்டீங்களா?”

“ரிலீவர் வரல.”

“இருவது வருசமா இதே பாட்டு.”

மூன்று மணிக்கு ரிலீவர் காலில் சேறோடு வந்தார். “கோச்சிக்காத நைனா. கரண்டு இப்பதான் வந்திச்சி. நெல்லுக்குத் தண்ணி பாய்ச்சிகினு இருந்தேன்.”

அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் அவ்வளவு மின்சாரம் தயாரித்து, என் ஷிப்டு முடியும் நேரம் பார்த்துத்தான் இவர் வயலுக்கு அனுப்புகிறார்கள். திட்டலாம், திட்டினால் நாளைக்கு நாலு மணிக்கு வருவார். பிரஷர், தண்ணீர் மட்டம் எல்லாம் சொல்லி, லாக் புக்கில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினேன்.

மனைவி பட்டுப்புடவையில் வீட்டு வாசலிலேயே நின்றாள். சமாதானம் சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு பழைய நோட்டை நீட்டினாள்.

“மாத்திர குட்த்தாச்சி. கஞ்சி ஃப்ளாஸ்க்ல கீது. அஞ்சு மணிக்கு மாமாவத் திருப்பிப் படுக்க வைக்கணும். கையெழுத்துப் போடுங்க.”

போட்டேன். ஷேர் ஆட்டோவைப் பிடித்துப் பறந்தாள்.

ஐந்து மணிக்குத் திருப்பினேன். “மெதுவாடா! நான் இன்னா வால்வா?” என்றார் அப்பா.

ஆறு மணிக்கு அவளிடமிருந்து போன்.

“வளையல் போட்டியா?”

“எனக்காக ரெண்டு வளையல் எட்த்து வச்சினு இருந்தாங்க. நான் போட்டப்புறந்தான் எழுந்திருப்பேன்னு பொண்ணு ஒக்காந்தே இருந்துச்சி.”

பிள்ளைத்தாய்ச்சிகூட ரிலீவருக்குக் காத்திருந்திருக்கிறாள். எனக்கு மனசு லேசானது.

“அப்ப எட்டு மணிக்குள்ள வந்துருவ இல்ல?”

“தங்கச்சி தங்கிட்டுப் போவச் சொல்றா. இன்னிக்கு ரிலீவர் வரமாட்டாங்க.”

நோட்டைப் பிரித்து, என் கையெழுத்துக்குக் கீழே நானே இன்னொரு கையெழுத்துப் போட்டேன்.