மூன்றாவது பாட்டின் நடுவில் ராசன்

போன கிழமை ரஞ்சி அக்கா ரொறன்ரோவுக்கு அப்பால் விட்பியிலிருந்து போன் எடுத்தார். சுகம் விசாரித்ததெல்லாம் பிறகுதான்.

"தம்பி, பழசைக் குடுத்துப் புதுப் போன் வாங்கினனான். பழசில கிடந்த படமெல்லாம் வந்திட்டுது, நம்பரெல்லாம் வந்திட்டுது. ராசன் மட்டும் வரேல்லை. உம்மட்ட இருக்குமெல்லே?"

ராசன் அவருடைய தம்பி. அவர் தேடியது ஒரு நிமிடமும் ஓடாத ராசனின் குரலை. "பயப்படாதேங்கோ அக்கா, எல்லாம் கிளவுட்டில கிடக்கு. பின்னேரம் அனுப்பிவிடுறன்" என்று பெரிய மனிதன் மாதிரிச் சொல்லி வைத்தேன். சொல்லி எட்டு நாளாகிறது. இந்த எட்டு நாளும் நான் ஓரிடத்தில் இருக்கவில்லை. கணினியைத் திறக்கிறேன், மூடுகிறேன். தேத்தண்ணீர் போட்டுவிட்டுக் குடிக்க மறக்கிறேன். "உங்களுக்கு என்ன, செருப்புக்குள்ள எறும்போ?" என்று மனைவி கேட்கிறாள். நியாயமான கேள்விதான்.

ஊராருடைய தம்பியின் குரல் உன்னிடம் எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கலாம். என் திருட்டுப் புத்தியால் வந்தது. யாருடைய பாட்டு கையில் கிடைத்தாலும் எனக்கென்று ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வேன். தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் இயக்கம் வெளியேறச் சொன்னபோது எனக்குப் பத்து வயது. வாப்பாவின் பாட்டுக் கசற்றுகள் ஒரு சூட்கேஸ் நிறைய இருந்தன. அவை வீட்டிலேயே நின்றுவிட்டன. நான் ஒன்றை மட்டும் காற்சட்டைப் பைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். வழியில் மறித்துச் சோதித்தவர்கள் அதையும் எடுத்துவிட்டார்கள். அது என்ன கசற் என்றுகூட இப்போது நினைவில்லை. புத்தளத்தில் வளர்ந்து, கலியாணம் கட்டி, ரொறன்ரோ வந்து சேர்ந்த பிறகும் அந்தக் காற்சட்டைப் பை மட்டும் நிறையவேயில்லை.

எனக்கு இப்போது சீனி வருத்தம். காலையில் விரல் நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு ஊசியால் குத்திப் பார்க்க வேண்டும். அந்த வாசம் மூக்கில் ஏறினால் போதும், மோர்னிங்சைட்டில் நான் வேலை செய்த போன் கடை கண்முன் வந்துவிடும். கசற் பிளேயரில் நாடா உரசுகிற ஹெட்டை நாளுக்கு இரண்டு தரம் ஸ்பிரிட்டால் துடைப்பது அங்கே என் வேலை. பக்கத்துக் கடையில் ரோல்ஸ் பொரிப்பார்கள். ஒரு மூக்கில் ஸ்பிரிட், மற்ற மூக்கில் ரோல்ஸ். போன் திருத்துவது, லொக் உடைப்பது, பழைய கசற்றைக் கணினியில் ஏற்றி அங்கிருந்து போனுக்கு மாற்றுவது, இவைதான் அங்கே நடந்த வேலைகள். சனங்களுக்கு அந்த மாற்றுகிற வேலை மந்திரம் மாதிரி. எனக்கு அது பொறுமையைச் சோதிக்கிற வேலை.

2009 மாசி, பங்குனி மாதங்களில் அந்தக் கடையில் ஒருவரும் கதிரையில் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. யுத்தத்தின் கடைசி மாதங்கள். றேடியோ ஒன்று முழு நாளும் செய்தி சொல்லிக்கொண்டே இருக்கும். சனம் வரும், நிற்கும், வெளியே போகும், திரும்பி வரும். பழுதில்லாத போன்களையெல்லாம் திருத்தக் கொண்டுவந்தார்கள்.

"தம்பி, உது வேலை செய்யுதோ எண்டு ஒருக்காப் பாரும்."

கடைப் போனிலிருந்து அடித்துக் காட்டுவேன். கொண்டுவந்த அங்கிளின் கையில் போன் அலறும். "ஓம், அடிக்குதுதான்" என்று சொல்லிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். சண்டைக்குள் கிடந்த வன்னியிலிருந்து அழைப்பு வராததற்குப் போன் என்ன செய்யும்? நானும் ஒவ்வொருமுறையும் மூடியைக் கழற்றி, துடைத்து, பூட்டிக் கொடுப்பேன். எனக்கு வன்னியில் ஒருவரும் இல்லை. அந்தச் சனத்தின் நடுவில் அதை வாய்விட்டுச் சொல்லவும் கூச்சமாக இருந்தது.

அப்படி ஒரு நாள்தான் ரஞ்சி அக்கா வந்தார். பிஸ்கட் பக்டரியில் பெட்டி அடைக்கிற வேலை. தலையில் போட்ட வலைத்தொப்பியைக் கழற்ற மறந்து வந்திருந்தார். கையில் ஒரு கசற். அட்டையில் நீலப் பேனையால் பன்னிரண்டு பாட்டுகளின் பெயர்கள், ஒன்றன் கீழ் ஒன்றாக, பரீட்சை எழுதுகிற பிள்ளையின் எழுத்து.

"இதைப் போனில ஏத்தித் தாரும் தம்பி. டவுண்ரவுனில றோட்டில நிக்கேக்க கேக்க வேணும்."

எங்கள் சனம் அந்த நாட்களில் பதாகைகளோடு நகரத் தெருக்களில் நின்றது. அவரும் வேலை முடித்து நேரே அங்கே போவார். நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பினேன்.

என் தொழில் இரகசியத்தை இனி மறைத்து என்ன? அறுபது நிமிடக் கசற்றை ஏற்ற அறுபது நிமிடம் ஓடவிட வேண்டும், வேறு வழி கிடையாது. பிறகு இரைச்சலைக் குறைக்க வேண்டும், பாட்டுப் பாட்டாக வெட்ட வேண்டும். எனக்கோ ஐந்து நிமிடம் ஒரு வேலையில் இருப்புக்கொள்ளாது. ஆகவே ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்திருந்தேன். அட்டையில் இருக்கிற பட்டியலைப் பார்ப்பேன். அதே பாட்டுகள் என் கணினியில் சுத்தமாக, இரைச்சலே இல்லாமல் இருக்கும். அவற்றை எடுத்து வரிசையாகப் போனில் போட்டுவிடுவேன். கசற்றைப் பிளேயருக்குக் காட்டுவதுகூடக் கிடையாது. "என்ன தம்பி, புதுசு மாதிரிக் கேக்குது!" என்று வாடிக்கையாளர்கள் என் கையைப் பிடித்துப் பாராட்டுவார்கள். நானும் அடக்கமாகச் சிரிப்பேன். கசற்றுகளைப் பலர் திருப்பி எடுப்பதேயில்லை. மேசைக்குக் கீழே ஒரு பெட்டியில் எறிவேன். பெட்டி நிறைந்தால் குப்பைக்குப் போகும்.

ரஞ்சி அக்காவும் மறுநாள் வந்து போனை வாங்கிக்கொண்டு, "கசற் கிடக்கட்டும், பிறகு எடுக்கிறன்" என்று சொல்லி, பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். இரண்டு நாள் கழித்து வந்து நின்றார். முகம் சரியில்லை.

"தம்பி, பாட்டெல்லாம் வடிவாக் கேக்குது. ராசன் எங்க?"

ராசன் என்று ஒரு பாடகரை எனக்குத் தெரியாது. பட்டியலில் அந்தப் பெயர் இல்லையே என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் சுடுகிறது.

பிறகுதான் விளங்கப்படுத்தினார். அவர் கனடா வந்த புதிதில் வன்னிக்குத் தொலைபேசி கிடையாது, கடிதம் போய்ச் சேருமென்ற நிச்சயமும் கிடையாது. பயணம் வருகிற யாராவது ஒருவரின் கையில் கசற்றில் பேசிக் கொடுத்துவிடுவார்கள். வவுனியாச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் அதைப் போட்டுக் கேட்பான். அதனால் சினிமாப் பாட்டுக் கசற் ஒன்றின் நடுவில் குரலைப் பதிவார்கள். "முதல் ரண்டு பாட்டும் ஆமிக்கு. மூண்டாவதின்ர நடுவில இருந்துதான் எனக்கு." மற்றப் பாட்டுகளை ராசன் தொடவில்லை. அவனிடமிருந்து வந்த கசற் அது ஒன்றுதான். அவனிடமிருந்து கடைசியாகச் செய்தி வந்து ஒன்றரை மாதமாகியிருந்தது.

நான் மேசைக்குக் கீழே புகுந்தேன். பெட்டி நிறைந்து, காலையில்தான் முதலாளி பின்கதவடியில் கொண்டுபோய் வைத்திருந்தார். குப்பை லொறி வர இன்னும் நேரம் இருந்தது என்பது என்னுடைய கெட்டித்தனம் அல்ல, அல்லாஹ்வின் கருணை. நிலத்தில் எல்லாவற்றையும் கொட்டி, முழங்காலில் நின்று தேடினேன். ரஞ்சி அக்காவும் வலைத்தொப்பியோடு எனக்குப் பக்கத்தில் முழங்காலில். நீல எழுத்தை அவர்தான் முதலில் கண்டார்.

அன்றைக்கு ஹெட்டை மூன்று தரம் துடைத்தேன். கசற்றை ஓடவிட்டோம். முதல் பாட்டு, இரண்டாவது பாட்டு. மூன்றாவது பாட்டில் சரணம் தொடங்கி இரண்டாம் அடியில் டக்கென்று ஒரு சத்தம், பாட்டு அறுந்து, ஒரு பொடியனின் குரல். அம்மாவின் முழங்கால், அக்காவின் சைக்கிள், களவுபோன பெல், கனடாவின் குளிர். ஐஸில் நடந்து விழுந்தாயா என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். அவ்வளவுதான் கதை. ரஞ்சி அக்கா கவுண்டரின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பாட்டை நீக்கிக் குரலை மட்டும் தனியாக வெட்டித் தரட்டுமா என்று கேட்டேன்.

"வெட்டாதேயும். அவன் வச்ச மாதிரியே இருக்கட்டும்."

அப்படியே மூன்றாவது பாட்டின் பெயரிலேயே சேமித்து, அவருடைய போனில் ஏற்றினேன். சரியாக ஏறியிருக்கிறதா என்று ஹெட்போனில் இன்னொரு தரம் கேட்டேன். பழக்கதோஷத்தில் எனக்கும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டேன். கசற்றை மேலேயும் கீழேயும் துடைத்து அவர் கையில் கொடுத்தேன்.

வைகாசியில் யுத்தம் முடிந்தது. அது இங்கே நீண்ட வார விடுமுறை. மகாராணி ஒருவரின் பெயரால் ஊரெல்லாம் வெடி கொளுத்தினார்கள். மறுநாள் கடைக்கு வந்தவர்கள் அந்தச் சத்தத்தைப் பற்றித்தான் பேசினார்கள், வேறெதையும் பேசவில்லை. ஆனியில் ரஞ்சி அக்கா வந்தார். "போனை ஒருக்காப் பாரும்" என்றார். கடைப் போனிலிருந்து அடித்தேன். அடித்தது. இன்றுவரை ராசனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

சூடு கண்ட பூனை அடுப்படிக்குப் போகாது என்பார்கள். நான் பூனையிலும் மட்டம். போன வருடம் மகள், என் பாட்டுகள் கிடந்த பழைய டிரைவைப் பார்த்துவிட்டு, "வாப்பா, உதைக் காவிக்கொண்டு திரியாதீங்க, இட்ஸ் ஆல் கோயிங் டு த கிளவுட்" என்றாள். ஏற்றினோம். இத்தனை வருடத்துப் பாட்டும் ஒரு பின்னேரத்தில் ஏறி முடிந்தது. கணினியிலும் போனிலும் ஒரே பட்டியல், ஒரே வரிசை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. டிரைவை நானே கொண்டுபோய்ப் பழைய மின்சாமான் எடுக்கிற இடத்தில் போட்டுவிட்டு வந்தேன்.

ஒரு பின்னேரத்தில் எப்படி ஏறியது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். கிளவுட் என்னுடைய குறுக்கு வழியைத்தான் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்தையும் கேட்டு, இது இன்ன பாட்டு என்று கண்டுபிடித்து, என்னுடைய இரைச்சல் பிரதியை ஏற்றாமலே விட்டுவிட்டு, தன்னிடமிருந்த சுத்தமான பிரதியை அந்த இடத்தில் வைத்துவிட்டது. நான் செய்தால் குறுக்கு வழி, அது செய்தால் வசதி. ரஞ்சி அக்கா போன் எடுத்த அன்று பின்னேரம் மூன்றாவது பாட்டைப் போட்டேன். சரணம் வந்தது, இரண்டாம் அடி வந்தது, மூன்றாம் அடியும் வந்தது. ராசன் வரவில்லை. மின்சாமான் எடுக்கிற இடத்துக்கு ஓடினேன். போன வருடத்துச் சாமானா என்று கேட்டுச் சிரித்தார்கள்.

கசற்? ரஞ்சி அக்காவின் பேஸ்மென்ரில் ஒரு பெருமழைக்குத் தண்ணீர் புகுந்தபோது பெட்டியோடு ஊறிச் சேறாகிவிட்டது. அப்போது "பரவாயில்லை, போனில கிடக்குத்தானே" என்று அவரைத் தேற்றியவனும் நான்தான்.

இன்று காலை எழும்பி, போனில் சொல்லுகிற விஷயமல்ல இது என்று காரை எடுத்தேன். மோர்னிங்சைட்டால்தான் போனேன். எங்கள் கடை இருந்த இடத்தில் இப்போது பல் வைத்தியம். ரோல்ஸ் கடையும் இல்லை. அந்தக் கடைத்தொகுதியில் நின்ற சனமும் என்னைப் போல மார்க்கம், ஏஜக்ஸ், விட்பி என்று சிதறிவிட்டது. வழி முழுக்க ஒரு பொய்யைத் தயாரித்துக்கொண்டு போனேன். அவர் கதவைத் திறந்து, "வாரும் தம்பி, சாப்பிட்டனீரோ?" என்றதும் அது மறந்துவிட்டது. உள்ளதைச் சொன்னேன்.

கோபிப்பார் என்று நினைத்தேன். கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் தேத்தண்ணீரை மேசையில் வைத்துவிட்டு, "கிடக்கிறதைப் போடும்" என்றார். போட்டேன். பல்லவி முடிந்தது. சரணம் தொடங்கி இரண்டாம் அடியில், ராசன் வருகிற அதே இடத்தில், ரஞ்சி அக்கா பாட்டின் மேலேயே பேசத் தொடங்கினார்.

"அக்கா, நான்தான். சத்தம் கேக்குதோ? அம்மாவுக்கு முழங்கால் நோக் குறைஞ்சிட்டுது. உன்ர சைக்கிளை நான் விக்கேல்லை, ஆர் சொன்னாலும் நம்பாத. பெல்தான் களவு போட்டுது. அங்க சரியான குளிராமே? ஐஸில நடக்கேக்க விழுந்தனியோ?"

நிறுத்தினார். பாட்டு நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

"இதில அவன் சிரிக்கிறவன்" என்றார்.

தேத்தண்ணீரை என் பக்கம் தள்ளிவிட்டு, "சொன்னதெல்லாம் எனக்குப் பாடம் தம்பி. சிரிப்புத்தான் பிடிபடுகுதில்லை. நீரும் அண்டைக்குக் கேட்டனீர்தானே. எப்பிடிச் சிரிச்சவன்?" என்று கேட்டார்.

அன்று கடையில் இரண்டு தரம் கேட்டேன். அதற்குப் பிறகு இத்தனை வருடம் அது என்னிடமே இருந்தது. இருக்கிறதுதானே என்று ஒரு நாள்கூட நான் அதைப் போட்டுக் கேட்கவில்லை.