வாய் அகலமான ஒரு பாட்டில்

ஆபரேஷனுக்கு என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று நர்ஸம்மா ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். நைட்டி மூன்று, கிழித்த பழைய வேட்டி, ஃப்ளாஸ்க், டம்ளர், புது பிளேடு ஒன்று. கடைசி வரியில், வாய் அகலமான கண்ணாடி பாட்டில், மூடியுடன்.

பிளேடு எதற்கு என்பதை ஊகித்துவிட்டேன். பாட்டில் எதற்கு என்று கேட்டேன்.

“எடுத்தத போட்டு டெஸ்டுக்கு அனுப்பணுமில்ல டீச்சர்? இங்க பாட்டில் இருக்காது, அவங்கவங்களே கொணாந்துடுவாங்க. ஊறுகா பாட்டில் போதும். ஆனா சின்னதா கொணாந்துடாதீங்க. உங்களுது பெரிசு.”

என்னிடம் இருக்கும் எதையும் அதுவரை யாரும் பெரிசு என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அது 1991. எனக்கு முப்பத்தொன்பது வயது. ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் வாத்தியார் வேலை. மிச்ச நேரத்தில் வாரப் பத்திரிகைகளுக்குத் துணுக்கு எழுதி அனுப்புவேன். இரண்டு வருடமாக உதிரப்போக்கு. நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே பாடம் நடத்துகிற டீச்சர் என்று பெயர் வாங்கியிருந்தேன். எழுந்தால் என்ன ஆகும் என்பது எனக்கும் என் கறுப்புப் புடவைகளுக்கும்தான் தெரியும்.

காஞ்சிபுரத்தில் ஒரு லேடி டாக்டரிடம் போனோம். எந்த ஊர் என்று கேட்டார். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் என்றேன். அந்த வருடம் மே மாதத்துக்குப் பிறகு அந்தப் பெயரைச் சொன்னால் யாரும் அடுத்த கேள்வி கேட்காமல் விட்டதில்லை. டாக்டரும் என் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டே ஐந்து நிமிடம் ஊர் நிலவரத்தை விசாரித்தார். பிறகுதான் கை நின்றது.

“கட்டி இருக்கு. கர்ப்பப்பையோட எடுத்துடறதுதான் நல்லது. பார்த்தா சாதாரணக் கட்டி மாதிரிதான் இருக்கு, ஆனா எனக்கு ஒரு சந்தேகம். டெஸ்டுக்கு அனுப்பினா பதினஞ்சு நாள்ல ரிப்போர்ட் வந்துடும். நல்லபடியா வந்தா இதோட முடிஞ்சது. இல்லேன்னா மெட்ராஸ் போய் கரண்ட் வைக்க வேண்டியிருக்கும்.”

எங்கள் பக்கத்தில் புற்றுநோய் என்ற பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. ‘கரண்ட் வெக்கறாங்களாம்’ என்றால் போதும், கேட்பவர் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். பஸ்ஸில் திரும்பி வரும்போது என் கணவரும் நானும் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு முடிவு எடுத்தோம். அவருடைய அம்மாவிடம், அதாவது அத்தையிடம், கட்டி என்பதோடு நிறுத்திக்கொள்வது. சந்தேகம், டெஸ்டு, கரண்ட் எதுவும் வேண்டாம். யோசனை என்னுடையது. அத்தை காதில் ஒன்று விழுந்தால் பம்ப்செட்டில் துவைக்கிற பெண்கள் பொழுது சாய்வதற்குள் என் ஒப்பாரிக்கு முதலடி எடுத்துக் கொடுத்துவிடுவார்கள் என்று பெரிய கெட்டிக்காரியைப் போலச் சொன்னேன்.

“அம்மாக்கு எதுக்கு அதெல்லாம், வுடு” என்றார் அவரும்.

அத்தைக்கு அப்போது அறுபது தாண்டியிருந்தது. மாமா போன பிறகு இரண்டு காணி நிலத்தை அவளே பார்த்துக்கொண்டாள். மகன் ரோட்டோரத்தில் ஒரு கம்பெனியில் ஷிஃப்டு, ஓ.டி. என்று கிடந்ததால் அவள் பேச்செல்லாம் என்னோடுதான். பேச்சு என்பது மரியாதைக்குச் சொல்கிறேன். “நம்ம எருமகூட மூணு ஈத்து ஈன்னுச்சி. அது படிக்கக்கூட இல்ல” என்பாள். எனக்குப் பதில் தெரியாமல் இல்லை. அருமையான பதில்கள் இரண்டு நாள் கழித்துத் தோன்றும்.

நானும் சும்மா இருந்துவிடவில்லை. கல்யாணமான இரண்டாம் வருடம் எட்டு மாதக் கர்ப்பத்தில் ஒரு பெண் பிறந்தது. மூச்சு இல்லாமல் பிறந்தது. சின்னப் பிள்ளையை எரிப்பதில்லை. அத்தைதான் ஒரு பழைய புடவையில் சுற்றி எடுத்துக்கொண்டுபோய், கழனி மூலையில் புங்கமரத்தடியில் புதைத்துவிட்டு வந்தாள். பெற்றவள் அங்கே போகக் கூடாது என்றார்கள். போகவில்லை. எந்த இடம் என்று நான் கேட்கவும் இல்லை.

சமையலறைப் பலகையில் இருந்த பாட்டில்களில் பெரியது அத்தையின் எலுமிச்சங்காய் பாட்டில். அதைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

“ஏம்மே, அதுல ஏன் கை வெக்கற?”

“ஆஸ்பத்திரில கேக்கறாங்க அத்த.”

“ஆஸ்பத்திரில ஊறுகா போட்றாங்களா?”

“ஆமா. என்னத்தான் போடப் போறாங்க.”

அவள் சிரிக்கவில்லை. பாட்டிலை என் கையிலிருந்து பிடுங்கி, புளி போட்டுத் தேய்த்து, கிணற்றுச் சுவரின் மேல் காயக் கவிழ்த்தாள். “திருப்பிக் கொணாந்துடு” என்றாள். அது திரும்பி வராது என்றேன்.

“ஏன் வராது? கண்ணாடிதான.”

ஆவணி மாதம் ஆபரேஷன். எடுப்பது என்னிடமிருந்து; சம்மதக் கையெழுத்து கணவரிடமிருந்து. அவர் அதோடு ஒரு பாட்டில் ரத்தமும் கொடுத்தார். எம்புள்ள கம்பெனில நட்டு முடுக்கறவன், ரத்தம் போனா கைல பலம் நிக்குமா என்று அத்தை வார்டு முழுக்கக் கேட்கும்படி விசாரித்தாள். தள்ளுவண்டியில் படுத்து விட்டத்து விளக்குகளைப் பார்த்துக்கொண்டே போனபோது, படித்த அத்தனை புத்தகங்களிலிருந்தும் ஒரு வரியாவது துணைக்கு வரும் என்று காத்திருந்தேன். நர்ஸம்மா கழற்றி வாங்கிக்கொண்ட கொலுசு எங்கே வைக்கப்பட்டது என்ற கவலைதான் வந்தது.

கண் விழித்தபோது மதியம். கணவர் மட்டும் இருந்தார். அவர் மருந்துக்கடைக்குப் போயிருந்த நேரத்தில் எடுத்ததைத் தட்டில் வைத்து வெளியே கொண்டுவந்து அத்தையிடம் காட்டினார்களாம். பிறகு பாட்டிலில் போட்டு, மருந்துத் தண்ணீர் ஊற்றி, பஸ் ஸ்டாண்டு பக்கத்து லேபில் இன்றைக்கே கொடுத்துவிட வேண்டும் என்று சீட்டோடு அவள் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். இவர் வந்து கேட்டதற்கு, “நீ இங்க இரு, நான் எடுத்துகினு போறேன்” என்று மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாளாம். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி. அந்தப் பையைத் தூக்காமல் தப்பித்த நிம்மதி.

விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் அத்தை திரும்பினாள். அரை மயக்கத்தில் முதலில் கண்ணில் பட்டவை அவள் கால்கள். நகக்கண்ணெல்லாம் சேறு.

“வெளிய மழையா அத்த?”

“தூங்கு.”

“காட்னாங்களாமே. எப்படி இருந்துச்சு?”

என் போர்வையை இழுத்துவிட்டாள். பிறகு, “கொழந்த தல அளவு இருந்துச்சி” என்றாள்.

எட்டாம் நாள் தையல் பிரித்தார்கள். மூன்று மாதத்துக்குக் குடம் தூக்கக் கூடாது, குழந்தை தூக்கக் கூடாது என்று டாக்டர் எல்லோருக்கும் சொல்கிற பாடத்தைச் சொன்னார். இரண்டாவதில் எனக்குச் சிரமம் இருக்காது என்றேன். டாக்டரும் சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்கு அந்த வருடம் மழை இல்லை.

வீட்டில் பழைய புடவையால் வயிற்றை இறுகக் கட்டிக்கொண்டு படுத்திருந்தேன். இருமினால் வலி, சிரித்தால் அதைவிட வலி. பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி அத்தையிடம் கிசுகிசுத்தாள். “எடுத்துட்டா ஆம்பள மாறி ஆயிடுவாங்களாமே?”

“ஆனா ஆவட்டுமே. இவ மீச வெச்சிகினு கம்பெனிக்குப் போவட்டும், எம்புள்ள வூட்ல கெடக்கட்டும். உனுக்கு இன்னா போச்சி?”

தையலைப் பிடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்காக அவள் பேசி அன்றுதான் கேட்டேன். அடிபம்பிலிருந்து இரண்டிரண்டு குடமாகச் சுமந்து வந்து வெந்நீர் வைத்தாள், பூண்டுக் குழம்பு வைத்தாள், என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துப் பிடித்துவிட்டாள். எருமையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது. மகன் உண்மையைச் சொல்லிவிட்டான், சாகப்போகிறவளைத் திட்டக் கூடாது என்று விட்டிருக்கிறாள் என்று நினைத்தேன்.

பதினைந்து நாள் ஆனது. கணவர் முதல் ஷிஃப்டு முடிந்து காஞ்சிபுரம் போய் வந்தார். ரிப்போர்ட் வரவில்லை. இருபதாம் நாள் மறுபடி போனார். இந்தத் தடவை லேபுக்கே போய்க் கேட்டார். அப்படி எதுவும் வரவே இல்லை என்று ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார்களாம். மனிதர் வாய் திறந்து பேசுவதே அபூர்வம்; அன்றைக்கு அங்கே நாற்காலியைத் தள்ளிவிட்டு வந்திருக்கிறார். “பொம்பள உசுரத் தொலைச்சிட்டு நோட்டக் காட்றான் எங்கிட்ட” என்று வாசலில் நின்று கத்தினார். அத்தை அப்போது மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருந்தாள்.

அதன் பிறகு இடுப்பு வலித்தால் அங்கே பரவிவிட்டது, தலை வலித்தால் அங்கேயும் வந்துவிட்டது. உள்ளே இல்லாத ஒன்று நாளெல்லாம் எனக்கு வலித்தது.

இருபத்து நான்காம் நாள். வீட்டில் யாரும் இல்லை. கஞ்சிக்கு உப்பு எடுக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு முதல்முறையாகச் சமையலறைக்குப் போனேன். பலகையில், பழைய இடத்தில், அந்த பாட்டில் இருந்தது. உள்ளே உப்பில் ஊறிய எலுமிச்சங்காய். வெளியே பாதி கிழிந்தும் பாதி ஒட்டியும் ஒரு பிளாஸ்திரி. அதில் நர்ஸம்மாவின் கையெழுத்தில் 39 என்ற என் வயது.

முந்தின நாள்கூட என் கணவர் தயிர்ச்சோற்றுக்கு இரண்டாவது துண்டு கேட்டு வாங்கி, “இந்தத் தபா நல்லா ஊறிகீது” என்று சொல்லியிருந்தார்.

தரையில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். உட்கார்ந்துவிட்டேன்.

புல்லுக்கட்டோடு வந்த அத்தை என்னையும் என் மடியிலிருந்த பாட்டிலையும் பார்த்தாள். கட்டைப் போட்டாள்.

“சோடா போட்டு, சுடுதண்ணி ஊத்தி மூணு வாட்டி கழுவனேன். வாட கொஞ்சமும் இல்ல.”

“உள்ள இருந்தது எங்க அத்த? லேப்ல குடுக்கலையா?”

“குடுக்கத்தான் கெளம்பனேன். வாசல்ல அந்த நர்ஸுப் பொண்ணக் கேட்டேன், இத இன்னா பண்ணுவாங்கன்னு. மெல்லிசா சீவி கண்ணாடில வெச்சிப் பாப்பாங்கன்னா. மிச்சத்த இன்னா பண்ணுவாங்கன்னு கேட்டேன். கொளுத்திடுவாங்கன்னா.” எதிரே வந்து உட்கார்ந்தாள். “எங்கூட்டுப் புள்ள இருந்த எடம்டி அது. பத்து மாசம் இல்லன்னாலும் எட்டு மாசம் இருந்துச்சில்ல? நஞ்சுக்கொடிய நம்ம மண்ணுலதான பொதைக்கறோம்? இத எவனோ வாழக்கா மாறி சீவி குப்பையோட கொளுத்துவானாம். பஸ்ஸு ஏறி நேரா கழனிக்கு வந்துட்டேன். அது பக்கத்துலயே வெச்சிட்டேன்.”

நான் அப்போதுதான் சொன்னேன். சந்தேகத்தை, டெஸ்டை, கரண்டை. அதற்காகத்தான் சீவுவார்கள் என்பதை.

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். “எங்கிட்ட ஏன்டி சொல்லல?” என்றாள். “ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே ஓடிப்போயி குடுத்திருப்பேனே.”

எனக்குப் பதில் தோன்றவில்லை. இரண்டு நாள் கழித்தும் தோன்றவில்லை.

சட்டென்று எழுந்து மண்வெட்டியை எடுத்தாள். “தோண்டி எடுத்துகினு வந்துட்றேன்.” இடையில் நல்ல மழை பெய்திருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இழுக்க எனக்குப் பலம் இல்லை. உதற அவளுக்கும் இல்லை.

டாக்டரிடம் அத்தையும் நானும் மட்டும் போனோம். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். திட்டவில்லை. “இனி செய்யறதுக்கு ஒண்ணும் இல்லம்மா. மூணு மாசத்துக்கு ஒருதடவை வாங்க. மறுபடி கட்டி வந்தா தெரியும்.”

“வரலைன்னா?”

“வரலைன்னு தெரிய அஞ்சு வருஷம் ஆகும்.”

கணவரிடம் சொல்ல வேண்டாம் என்றேன். இதுவும் என் யோசனைதான். முதல் யோசனையின் லட்சணத்தைப் பார்த்த பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை. ஊறுகாயைக் கொட்டிவிட்டுப் பூஞ்சை பூத்துவிட்டது என்றேன். நல்லா இருந்துச்சே என்று வருத்தப்பட்டார். அந்த லேப் வழியாக பஸ் போகும்போதெல்லாம், “தொலைச்ச பசங்க” என்று பல்லைக் கடிப்பார். அத்தை ஒரு ஜன்னலையும் நான் இன்னொரு ஜன்னலையும் பார்த்துக்கொண்டு வருவோம்.

ஒவ்வொரு தடவையும் அத்தை கூட வந்தாள். வெளியே பெஞ்சில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பாள். கதவு திறந்ததும், “இன்னா சொன்னா?” ஒன்றும் இல்லையாம் என்பேன். அவ்வளவுதான். திட்டு அடியோடு நின்றுபோனது. வீடு அதற்குப் பிறகு வீடு மாதிரியே இல்லை. ஒரு நாள் தாங்காமல் நானே கேட்டேன், “நம்ம எருமை மூணு ஈத்து ஈன்னுச்சில்ல அத்த?”

“அத வித்து எத்தினி வருசம் ஆச்சி” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஐந்து வருடம் முடிந்த அன்று, இனி வர வேண்டாம் என்றார் டாக்டர். அத்தையிடம் சொன்னேன். அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஒரகடத்தில் இறங்கி வீட்டுப் பக்கம் திரும்பாமல் கழனிப் பக்கம் நடந்தாள். நானும் பின்னால் போனேன். பெற்றவள் போகக் கூடாது என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

வரப்பு நெடுக சுண்ணாம்பு அடித்த சர்வே கல் நட்டிருந்தார்கள். அரசாங்கம் நிலம் எடுக்கப்போகிறது என்று ஊரில் பேச்சு. புங்கமரத்துக்குப் பத்தடி தள்ளி ஒரு கல்.

“இங்க இன்னா கட்டுவாங்களாம்?”

“கம்பெனிதான் அத்த.”

“அஸ்திவாரம் எவ்ளோ ஆழம் தோண்டுவாங்க?”

“தெரியல.”

அத்தை தன் இடுப்பில் கையை வைத்துக் காட்டினாள். “பாட்டில்ல இருந்ததுக்கு நான் இம்மாம் ஆழம் தோண்டனேன்.” பிறகு கையை மெல்ல முழங்காலுக்கு இறக்கினாள்.

“கொழந்தைக்கு இவ்ளோதான். அன்னிக்கு நல்ல மழ.”