பதினோராம் கோளின் சமையல்காரன்

அலுவலகத்தில் அவரை எல்லோரும் முன்கதை என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த வார இதழில் ஒவ்வொரு தொடர்கதையின் தலையிலும் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதுவரை நடந்த கதை பன்னிரண்டு வரியில். இருபத்தாறு வருடமாக அவர் எழுதியது அது ஒன்றுதான். வேற்றுக்கோள், கடல்கொள்ளை, காட்டுப் புதையல், எதுவானாலும் பன்னிரண்டு வரி. பதின்மூன்றாவது வரிக்கு இடம் கிடையாது.

அவரும் கதை எழுதத்தான் வந்தார். நூற்றறுபது பக்கத்தில் ஒரு விண்வெளிக் கதை. மேலே, கதை என்னவென்று சொல்லி ஒரு கடிதம். ஆசிரியர் கடிதத்தை மட்டும் படித்தார்.

"கதை வேணாம். கடிதம் நல்லாருக்கு. திங்கக்கிழமை வேலைக்கு வந்துடுங்க."

அதற்குப் பிறகு சொந்தமாக அவர் ஒரு வரி எழுதவில்லை. கதையில் இல்லாத ஒரு சொல்லைக் கட்டத்துக்குள் விட்டதும் இல்லை. தொழிலில் அவருக்கென்று மிஞ்சியிருந்த வீம்பு அது. பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மனைவி எப்படி இருக்கிறாள் என்று பக்கத்து வீட்டார் கேட்டால், "குளியலறையில விழுந்தா. இடது பக்கம் வரல. பேச்சு திரும்பிடுச்சு. நடை திரும்பல" என்பார்.

அவள் ஒரு மாணவர் விடுதியின் சமையலறையை முப்பத்தொரு வருடம் கட்டி மேய்த்தவள். நானூறு பேருக்கு மூன்று வேளை. இப்போது ஒரு கட்டில், ஒரு ஜன்னல். ஞாயிறு காலையில் அவளை இரண்டு தலையணையில் சாய்த்து உட்காரவைத்து, அந்த வாரத்து அத்தியாயத்தைப் படித்துக்காட்டுவார். அவரே அதை அப்போதுதான் படிப்பார். முன்கதைக்கு முந்தைய அத்தியாயம்வரை தெரிந்தால் போதும்.

'பதினோராம் கோளின் பாதாளம்' என்ற தொடரில் தளபதியோடு சேர்த்து ஏழு பேர் கப்பலில் போனார்கள். ஒன்பதாம் அத்தியாயத்தில் இரண்டாம் நிலவில் இறங்கினார்கள். சமையல்காரன் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் தேடி ஒரு குகைக்குள் போனான். பத்தாம் அத்தியாயத்தில் இரும்பைத் தின்னும் புழுக்கள் வந்தன. கப்பல் அவசரமாகக் கிளம்பியது.

"அவன்?" என்றாள்.

"எவன்?"

"வாளியோட போனானே."

அவர் பக்கங்களைத் திருப்பித் தேடினார். கிளம்பும்போது யாரும் தலை எண்ணவில்லை.

அடுத்த ஞாயிறும் கேட்டாள். அதற்கடுத்த ஞாயிறும். தளபதி அந்தக் கோளின் சக்கரவர்த்தியோடு மல்லுக்கட்டும்போது குறுக்கே புகுந்து, "அதெல்லாம் இருக்கட்டும், அவன் வந்தானா?" என்பாள். ஒரு நாள் மட்டும் காரணம் சொன்னாள். விடுதியில் தீப்பிடித்த மாலை, எல்லோரையும் மைதானத்தில் நிறுத்தி எண்ணினார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தது. வெளிக்கதவைச் சாத்திவிட்டார்கள். சமையலறையில் அவளோடு மூன்று பேர் பெரிய பாத்திரங்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பின்பக்க ஜன்னல் கம்பியை ஒரு கரண்டியால் நெம்பி வெளியே வந்தார்கள்.

"சமையக்கட்டுல இருக்கிறவங்களை யாரும் எண்ண மாட்டாங்க" என்றாள்.

வாராவாரம் கட்டத்தின் கடைசி வரியில் அவர், 'சமையல்காரன் இன்னும் குகையில் இருக்கிறான்' என்று எழுதி வந்தார். தொடரை எழுதுபவர் கண்ணில் பட்டால் நினைவு வரும் என்று. இருபதாவது வாரம் ஆசிரியர் அந்த வரியை அடித்தார்.

"யாருய்யா இந்த ஆளு? வாராவாரம் குகைக்குள்ள உக்காந்துகிட்டு இடத்த அடைக்கிறான்?"

பிறகு ஒரு திங்கட்கிழமை, அந்த வாரத்தோடு தொடர் முடிகிறது என்று சொன்னார்கள். அவர் தொடரை எழுதுபவரைத் தேடிப் போனார். குடிநீர் அலுவலகத்தில் நாலாவது மாடியில் எழுத்தர். இதழில் அவருக்குப் பெயர் அண்டம். அண்டத்துக்கு லிஃப்ட் என்றால் பயம், படியில்தான் ஏறுவார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

"சமையல்காரனா? அவனை எங்க சார் விட்டேன்?"

"இரண்டாம் நிலவுல. ஒன்பதாம் அத்தியாயம்."

அண்டம் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அடப்பாவமே. மூணு தொடர் எழுதறேன் சார். என் பொண்ணு எந்த வகுப்புன்னு கேட்டா எனக்குச் சட்டுன்னு வராது."

"ஒரு வரி போதும். வந்து சேர்ந்தான்னு."

"கடைசி அத்தியாயம் காலையிலேயே அச்சுக்குப் போயிடுச்சு. இனி அந்தக் கப்பலை நானே நினைச்சாலும் நிறுத்த முடியாது." கொஞ்சம் யோசித்தார். "ஒரு வாசகர்கூடக் கேக்கல சார். உங்களுக்கு எதுக்கு இந்த அலைச்சல்?"

"வீட்டுல கேக்கறாங்க."

அண்டம் கைப்பிடியைப் பிடித்து எழுந்தார்.

முன்கதை இதழ் அலுவலகத்துக்குத் திரும்பிப் பன்னிரண்டு வரிக்கான தாளை எடுத்தார். கட்டம் மட்டும் எப்போதும் மாலையில்தான் அச்சுக்குப் போகும். மதியம்வரை பேனா மூடியைத் திறந்தும் மூடியும் உட்கார்ந்திருந்தார். கட்டத்துக்குள் நடந்ததுதான் வரவேண்டும். அதுதான் வேலை. பிறகு சக்கரவர்த்தியோடு நடந்த மல்யுத்தத்தை இரண்டு வரி குறைத்து, அந்த இடத்தில் எழுதினார்: 'இரண்டாம் நிலவில் தவறவிடப்பட்ட சமையல்காரனை ஒரு சரக்குக் கப்பல் கண்டெடுத்து, தளபதியின் கப்பலில் கொண்டுவந்து சேர்த்தது.'

பிழை திருத்தும் பெண் தலை நிமிர்ந்தாள். "சார், இது எந்த அத்தியாயத்துல வந்துச்சு?"

"போன அத்தியாயம்."

"ஓ" என்றாள். இருபத்தாறு வருடத்தில் அவர் சொன்னதை யாரும் சரிபார்த்ததில்லை.

ஞாயிறு காலையில் அவளைச் சாய்த்து உட்காரவைத்தார். வழக்கமாக அத்தியாயத்திலிருந்துதான் ஆரம்பிப்பார். அன்று கட்டத்தைப் படித்தார். அந்த வரி வந்தபோது குரலை மாற்றவில்லை.

"வந்துட்டானா?" அவள் கண்ணைத் திறந்தாள். "எப்போ? போன வாரம் நீங்க படிக்கலையே."

"ரெண்டு வரிதான் வந்துச்சு. நீ கண்ணசந்துட்ட."

அவள் அவரைப் பார்த்தாள். "சரி, மேல படிங்க."

படித்தார். நட்சத்திரப் புயல், உடைந்த இறக்கை, கடைசியில் சொந்த பூமி. மக்கள் திரண்டு நின்றார்கள். கப்பலின் கதவு திறந்தது. தளபதி முதலில் இறங்கினான். அவன் பின்னால் ஐந்து பேர் வரிசையாக இறங்கினார்கள். வாத்தியங்கள் முழங்கின. கதவு மூடிக்கொண்டது. முற்றும்.

கடைசி அத்தியாயத்தை முன்கூட்டிப் பார்த்திருக்கலாம். அச்சகம் பக்கத்துத் தெருதான். தோன்றவே இல்லை.

"ஆறு பேர்" என்றாள். அவளுடைய வலது கைவிரல்கள் போர்வைமேல் மடங்கியிருந்தன. "அவனையும் சேத்தா ஏழு வரணுமே. அவன் எங்க?"

அவர் இதழை மடித்தார். பிரித்தார். இன்னொரு முறை மடித்தார். இனிச் சொல்ல எந்தக் கட்டமும் இல்லை.

"உள்ளதான் இருக்கான்" என்றார். "பாத்திரம் கழுவிட்டு இருக்கான்."

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமா" என்றாள். "அத அப்படியே போட்டுட்டு எப்படி இறங்குவான்?"

அவர் அவளுடைய தலையணையில் ஒன்றை எடுத்துவிட்டு, மெல்லப் படுக்கவைத்தார். சமையலறைக்குப் போனார். நேற்றுப் போட்டவை தொட்டியில் அப்படியே கிடந்தன. குழாயைத் திறந்தார்.