ஓம் சொன்ன உதவியாளர்

கண்டியில் எங்கள் சுற்றுலா அலுவலகத்தின் ஏஐ உதவியாளருக்கு எங்கள் ஊரான நாவலப்பிட்டியின் தமிழைப் பழக்கியவள் நான். பதில் அனுப்பியாயிற்றா என்று கேட்டால் "ஆமாங்க, அனுப்பிட்டேங்க" என்றுதான் சொல்லும்.

பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து ஒருத்தி வேலைக்கு வந்தாள். மேனேஜர் அவளையும் அதற்குக் கூட்டு உரிமையாளராக்கி, அதன் பேச்சை மாற்றும் அனுமதியையும் கொடுத்துவிட்டார்.

"நீங்க லீவு போட்டா வேலை நிக்கக்கூடாதுல்ல?" என்றார். நியாயம்தான். ஆனாலும் எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு திங்கட்கிழமை, வாடிக்கையாளருக்குப் பதில் போய்விட்டதா என்று அதனிடம் கேட்டேன்.

"ஓம், அனுப்பிட்டன்" என்றது, அவளுடைய யாழ்ப்பாணப் பேச்சில்.

நான் பெற்ற பிள்ளை அடுத்த வீட்டுக்காரியை அம்மா என்று கூப்பிட்டது போலிருந்தது.

பக்கத்துக் கதிரையிலிருந்து அவள் திரும்பினாள். "இப்ப வடிவாக் கதைக்குது, என்ன?"

சுடச்சுட ஏதாவது சொல்லிவிட வாயைத் திறந்தேன். "ஓம்" என்றுதான் வந்தது.