கோள் சொல்லும் கறுப்பு

காரின் எஞ்சின் அறைக்குள் எந்தக் கறுப்புப் பெயிண்ட் அடித்தால் என்ன, யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் பெயிண்டரம்மா பார்த்தாள். அதற்காகத்தான் அவளை வெளியே தள்ளினார்கள்.

அது அவள் கூடப்பிறந்த அண்ணனின் ஷெட். தகரத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் கார் சீட் தைக்கிறேன், அந்தப் பக்கம் அவள் பெயிண்ட் அடிப்பாள். புருஷன் விட்டுப் போனபோது அண்ணன் மாடி அறையைக் கொடுத்தார். கொடுத்ததை நாளுக்கு நாலு தடவை சொல்லியும் காட்டினார். வண்டியை எடுக்க வருகிறவர்கள், "பெயிண்டு பிரமாதம்" என்று அவர் கையைத்தான் குலுக்குவார்கள். மனுஷன் கூச்சமே இல்லாமல் குலுக்குவார். அவள் தடுப்புக்குப் பின்னால் நின்று பெயிண்ட் அடிக்கும் துப்பாக்கியைக் கழுவிக்கொண்டிருப்பாள்.

கறுப்பில் அவளுக்கு மூன்று ஜாதி. பளபளப்பே இல்லாத மேட், பாதிப் பளபளப்பு, முழுப் பளபளப்பு. எஞ்சின் அறைக்குப் பாதிப் பளபளப்புதான் அவள் வழக்கம். பார்க்கப் புது வண்டி மாதிரி இருக்கும், துடைத்தால் அழுக்குப் போகும். "மேட்டு எல்லாத்தையும் மறைச்சிடும். முழுப் பளபளப்பு இருக்கே, அது ஒண்ணு விடாமக் கோள் சொல்லிடும்" என்பாள். எனக்கும் அவளுக்கும் ஒரே ஒரு சண்டை, நான் டாஷ்போர்டுக்குப் போடும் பாலிஷ். மூடியைத் திறந்தாலே கத்துவாள். "மூடுங்க சீட்டுக்காரரே! அது ஒரு சொட்டுப் பட்டா அந்த இடத்துல பெயிண்டு ஒட்டாது, கண்ணு கண்ணா விட்டுடும்."

முன்பக்கம் அடிபட்ட கார் ஒன்றை அண்ணன் வாங்கிப்போட்டார். எஞ்சினைத் தாங்குகிற சட்டம் விரிசல் விட்டிருந்தது. அதை மாற்றாமல் யாரையோ வைத்துப் பற்றவைத்து, மேலே பட்டி பூசித் தேய்த்துவிட்டார். வாங்க வருவது, வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் ஒரு நர்ஸம்மா.

"மேட்டு அடிச்சிடு. நல்லாத் தடிமனா."

"அண்ணே, சட்டத்தை மாத்தாம வச்சிருக்கீங்களே. ஒரு பள்ளத்துல விழுந்தாப் போதும், அந்தம்மா கதி என்ன?"

"உன்னப் பெயிண்ட் அடிக்கச் சொன்னேனா, பஞ்சாயத்து பண்ணச் சொன்னேனா? எங்க படுத்துத் தூங்குறேங்கிற ஞாபகம் இருக்கட்டும்."

கூடப்பிறந்தவளிடம் பேசுகிற பேச்சா இது? கையிலிருந்த கத்தரிக்கோலை விட்டெறியலாம் போல இருந்தது எனக்கு. எறியவில்லை. நானும் அவர் கூரைக்குக் கீழேதானே உட்கார்ந்திருக்கிறேன்.

அவள் பெயிண்ட் கடைக்குப் போய் வந்தாள். பிசுக்குப் போகக் கழுவி, வயருக்கெல்லாம் காகிதம் சுற்றி அடித்து முடித்தாள். அண்ணன் வெளியூர் போயிருந்தார். மறுநாள் பெயிண்ட் காய்ந்ததும் என்னிடம் வந்து, "அந்த பாலிஷக் கொஞ்சம் குடுங்க" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கொடுத்தேன்.

அண்ணனும் நர்ஸம்மாவும் ஒன்றாகத்தான் வந்து சேர்ந்தார்கள். பானெட்டைத் தூக்கினால் உள்ளே முழுப் பளபளப்பு. முகம் பார்த்துத் தலை வாரலாம். அதன் நடுவில், சட்டத்தின் குறுக்கே, தழும்பு போல ஒரு மேடு.

"இது என்னங்க, ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கு?"

"கம்பெனியிலயே அப்படித்தாம்மா வருது."

நர்ஸம்மா எதிர்ப்பக்கத்துச் சட்டத்தைத் தடவிப் பார்த்தார். அது வழவழவென்று இருந்தது. பானெட்டை மூடிவிட்டு, வண்டி வேண்டாம் என்று சொல்லிப் போய்விட்டார்.

அன்று பொழுது சாய்வதற்குள் பெயிண்டரம்மாவின் பெட்டியும் படுக்கையும் தெருவில் கிடந்தன. ஒரு செருப்பு சாக்கடை ஓரத்தில். என் மனைவி வந்து பொறுக்கி எடுத்து, அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். போகிற போக்கில் என்னையும் ஒரு முறை முறைத்தாள். முறைக்க வேண்டியதுதான்.

மறு வாரம் அண்ணனே மேட் டப்பா வாங்கிவந்து அடித்தார். இன்னொருத்தர் தலையில் கட்ட வேண்டாமா? எல்லா இடத்திலும் பிடித்தது, அந்தத் தழும்பில் மட்டும் பிடிக்கவில்லை. தேய்த்தார், மறுபடி அடித்தார். கறுப்பு கண் கண்ணாக விலகி, அடியிலிருந்த பளபளப்பு எட்டிப் பார்த்தது. என் அலமாரியில் பாதி காலியான பாலிஷ் பாட்டில் இருந்தது. நான் அலமாரியைச் சாத்தினேன்.

"அவள வரச் சொல்லுய்யா" என்றார் கடைசியில். "மாடிச் சாவியத் தந்துடுறேன்னு சொல்லு."

சொன்னேன். அவள் என் மனைவியோடு உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"அந்தச் சட்டத்த வெட்டி எடுத்துட்டு வேற போடச் சொல்லுங்க. புது இரும்புல எந்தக் கறுப்பும் ஒட்டும்."